கண்ட கலமும் காணாத கலமும்

உயர்தர வகுப்பில் சேர்ந்த முதலாம் தவணையில், உயிரியல் செய்முறைப் பயிற்சியொன்றில் எனக்கு வெட்கப்படும்படியான ஒன்று நேர்ந்தது. அதை மறைக்காமல் சொன்னால்தான் இக்கட்டுரையின் பொருள் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

அன்று வெங்காய மேற்றோல் கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைய வேண்டியிருந்தது. முதல் நாள் இரவே நான் பாடநூலிலுள்ள தாவரக் கலத்தின் படத்தை மனனம் செய்து வைத்திருந்தேன். ஆய்வுகூடத்தில் ஒரேயொரு முறை குனிந்து பார்த்துவிட்டு, கலச்சுவர், கரு, இழைமணி, கொல்கி உபகரணம், அகமுதலுருச் சிறுவலை, பச்சையவுருமணி என்று பன்னிரண்டு பெயர்களைக் குறித்து, நிறப் பென்சிலாலும் தீட்டி முடித்தேன். வகுப்பில் என் படமே அழகாக இருந்தது. டீச்சர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு சிவப்புப் பேனையால் கீழே ஒரு வரி எழுதினார்: "இவற்றுள் நீர் கண்டவை எத்தனை?"

மீண்டும் போய் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். கலச்சுவர் தெரிந்தது. கரு தெரிந்தது. மங்கலாகக் குழியவுரு தெரிந்தது. எண்ணிக்கை மூன்றுதான். அதைவிடப் பெரிய தவறும் ஒன்று இருந்தது. மண்ணுக்குள் வளரும் வெங்காயக் குமிழின் உட்தோலில் பச்சையவுருமணியே இல்லை. ஆகவே நான் காணாதவற்றை வரைந்தது ஒரு பிழை. இல்லாததை வரைந்தது இன்னொரு பிழை.

அந்தச் சிவப்பு வரிக்கு விடை தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகின்றேன். கலத்தினுள் மென்சவ்வால் சூழப்பட்ட புன்னங்கங்கள் எவை, அவை என்ன செய்கின்றன, அவற்றுள் எதை எந்த நுணுக்குக்காட்டியில் காணலாம், கண்ணுக்குத் தெரியாதவை இருக்கின்றன என்பதை மனிதர் எப்படி அறிந்தார்கள் என்பனவே விடயங்கள்.

வெங்காயத் தோலில் உண்மையில் காண்பது

இந்தப் பயிற்சியைச் செய்யப்போகும் தங்கைகளுக்காக முதலில் செய்முறையைச் சொல்கின்றேன். பெரிய வெங்காயத்தின் சதைப்பற்றான ஓர் ஏட்டை எடுத்து, அதன் உட்பக்கத்திலுள்ள கண்ணாடி போன்ற மெல்லிய தோலைச் சாவணத்தால் உரியுங்கள். வழுக்கியில் ஒரு துளி நீரிட்டு, தோலை மடிப்பு விழாமல் அதில் பரப்புங்கள். ஐதான அயடீன் கரைசல் ஒரு துளி சேர்த்து, மூடித்துண்டைச் சாய்வாகப் பிடித்து மெல்ல இறக்குங்கள். திடீரென்று வைத்தால் வளிக்குமிழிகள் அகப்பட்டுக்கொள்ளும். கறுத்துத் தடித்த விளிம்புடைய அந்த வட்டங்களைக் கலமென்று எண்ணி வரைந்தவர்கள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள்.

முதலில் தாழ்வலுப் பொருளியில் பார்த்து இடத்தைத் தெரிவு செய்து, பின்னரே உயர்வலுப் பொருளிக்குப் போக வேண்டும். 10 மடங்கு பார்வைத்துண்டும் 40 மடங்கு பொருளியும் சேர்ந்தால் மொத்த உருப்பெருக்கம் 400. செங்கல் அடுக்கியது போல நீண்ட கலங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் மஞ்சட் கபில நிறமான ஒரு கரு இருக்கும். அது பெரும்பாலும் நடுவில் இராமல் சுவரோரமாக ஒதுங்கியிருக்கும். இந்த ஒதுக்கமே ஒரு செய்தி. கலத்தின் நடுவே நீர்ச்சாற்றால் நிறைந்த பெரிய புன்வெற்றிடம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, குழியவுருவையும் கருவையும் ஓரத்துக்குத் தள்ளியிருக்கின்றது. நிறமற்ற அந்தப் புன்வெற்றிடம் நேரடியாகத் தெரிவதில்லை; கரு ஒதுங்கியிருப்பதைக் கொண்டு அதை உய்த்தறிகின்றோம்.

பச்சையவுருமணியைக் காண விரும்புபவர்கள் குளத்தில் வளரும் ஹைதரில்லாவின் ஓர் இலையை அப்படியே நீரில் வைத்துப் பார்க்கலாம். அவ்விலை இரண்டு கலப்படை அளவே தடிப்பானது என்பதால் வெட்டவோ சாயமிடவோ தேவையில்லை. கலத்துக்குள் பச்சை மணிகள் தெளிவாகத் தெரியும். பொறுமையாக இருந்தால் அவை வரிசையாக நகர்வதையும் காணலாம். குழியவுரு ஓடுகின்றது; அதனோடு அவையும் ஓடுகின்றன. எந்தப் பாடநூற் படமும் காட்டாத காட்சி இது.

பெருப்பித்தல் வேறு, பிரித்துக் காட்டல் வேறு

அப்படியாயின் மற்றப் புன்னங்கங்கள் ஏன் தெரியவில்லை? இன்னும் பெருப்பித்தால் தெரியாதா என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். இரவில் நேரான வீதியில் வெகுதூரத்தே லொறி வருகின்றது. அதன் இரு விளக்குகளும் ஒரே வெளிச்சமாகத் தெரிகின்றன. கிட்டே வந்த பின்புதான் இரண்டாகப் பிரிகின்றன. தூரத்திலிருக்கும் போது எடுத்த புகைப்படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் ஒரு பெரிய மங்கல் வெளிச்சமே கிடைக்கும். அருகருகே உள்ள இரு புள்ளிகளை இரண்டாகக் காட்டும் ஆற்றலே பிரிவலு. அது இல்லாத இடத்தில் உருப்பெருக்கத்தால் பயனில்லை.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை உண்டாகின்றது என்பதை 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பஸறாவைச் சேர்ந்த இப்னுல் ஹைதம் தமது கிதாபுல் மனாழிர் என்ற நூலில் ஆராய்ந்து நிறுவினார். ஒளியே பார்வையின் வாயில் என்றால், ஒளியின் எல்லையே பார்வையின் எல்லையுமாகும். கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையானது. இதனால் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி, ஏறத்தாழ 200 நனோமீற்றரை விட நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. வெறுங்கண்ணின் எல்லை ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்.

இனி அளவுகளை ஒப்பிடுங்கள். கரு ஏறத்தாழ 5 மைக்குரோமீற்றர் விட்டமுடையது. பச்சையவுருமணி 3 முதல் 6 மைக்குரோமீற்றர் நீளமானது. இவை ஒளி நுணுக்குக்காட்டிக்கு எளிதாக அகப்படுகின்றன. இழைமணியின் அகலம் 0.5 முதல் 1 மைக்குரோமீற்றர். தகுந்த சாயமிட்டால் சிறு புள்ளியாகவோ நூலாகவோ தெரியும், உள்ளமைப்புத் தெரியாது. இப்புன்னங்கங்களை எல்லாம் சூழ்ந்திருக்கும் மென்சவ்வின் தடிப்போ வெறும் 7 அல்லது 8 நனோமீற்றர். அதன் அமைப்பை ஒளியால் பிரித்துக் காட்டவே முடியாது.

ஒளிக்குப் பதிலாக இலத்திரன்

இந்தத் தடையை நீக்கியது இலத்திரன் நுணுக்குக்காட்டி. 1931இல் ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ற் ருஸ்கா, மக்ஸ் நொல் ஆகிய இருவரும் முதற் கருவியை அமைத்தார்கள். ஒளிக்கற்றைக்குப் பதில் இலத்திரன் கற்றை. கண்ணாடி வில்லைக்குப் பதில் மின்காந்த வில்லை. இலத்திரன் கற்றையின் அலைநீளம் மிகக் குறுகியதாகையால் இக்கருவி ஒரு நனோமீற்றரிலும் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டவல்லது. ருஸ்காவுக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இதற்கு ஒரு விலையுண்டு. கருவியின் உட்புறம் வெற்றிடமாக இருக்க வேண்டும். எனவே உயிருள்ள கலத்தை அதில் வைக்க முடியாது. இழையத்தை இரசாயனப் பொருள்களால் நிலைப்படுத்தி, பிசினில் பதித்து, 100 நனோமீற்றரிலும் மெல்லிய சீவலாக வெட்டி, ஈயம், யுரேனியம் போன்ற பார உலோகங்களின் உப்புகளால் சாயமிடுகின்றார்கள். கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படம். பாடநூலில் இழைமணி செம்மஞ்சளாகவும் கொல்கி உபகரணம் ஊதாவாகவும் இருப்பது நாம் இனங்காண்பதற்காகத் தீட்டப்பட்ட நிறம் மட்டுமே.

ஏன் இத்தனை அறைகள்?

எங்கள் குசினியில் பாலும் தேசிக்காய்ப் புளியும் ஒரே அலுமாரியில்தான் இருக்கின்றன. ஒரே பாத்திரத்தில் இருந்தால் பால் திரைந்துவிடும். கலத்தின் நிலையும் இதுதான். ஒரே நேரத்தில் ஓரிடத்தில் புரதம் ஆக்கப்பட வேண்டும். வேறோரிடத்தில் புரதம் உடைக்கப்பட வேண்டும். ஓரிடத்தில் அமிலத்தன்மை வேண்டும். மற்றோரிடத்தில் அது கூடாது. மென்சவ்வு இந்த அறைகளைப் பிரிக்கின்றது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்பதையும் கட்டுப்படுத்துகின்றது. அதன் மேற்பரப்பில் நொதியங்கள் ஒழுங்காகப் பதிந்து தாக்கங்களை நடத்துகின்றன. பற்றீரியாவில் இத்தகைய மென்சவ்வுப் புன்னங்கங்கள் இல்லை. தாவர, விலங்கு, பங்கசுக் கலங்களில் உண்டு. இறைபோசோம் எல்லாக் கலங்களிலும் இருப்பினும் அதற்கு மென்சவ்வு இல்லை என்பதைப் பரீட்சை எழுதுவோர் மறக்கலாகாது.

ஒரு புரதத்தின் பயணம்

பெயர்களைத் தனித்தனியே மனனம் செய்தபோது எனக்கு எதுவும் நிற்கவில்லை. சதையியிலுள்ள ஒரு கலம், சமிபாட்டு நொதியம் ஒன்றை ஆக்கி வெளியேற்றும் பாதையைத் தொடர்ந்து போன பின்புதான் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தன.

பயணம் கருவில் தொடங்குகின்றது. 1830களில் ரொபேர்ட் பிரவுண் ஓர்க்கிட் தாவரக் கலங்களில் கண்டு பெயரிட்ட உறுப்பு இது. இரட்டை மென்சவ்வால் சூழப்பட்டு, அதில் கருத்துளைகள் உள்ளன. உள்ளே டி.என்.ஏ.யில் உள்ள கட்டளை, தூது ஆர்.என்.ஏ.யாகப் பிரதி செய்யப்பட்டு, கருத்துளை வழியே வெளியே வருகின்றது. டி.என்.ஏ. உள்ளேயே பாதுகாப்பாக இருக்கின்றது.

அடுத்தது அழுத்தமற்ற அகமுதலுருச் சிறுவலை. கருவின் வெளிமென்சவ்வோடு தொடர்ச்சியாக அமைந்த தட்டையான பைகளின் தொகுதி இது. மேற்பரப்பில் இறைபோசோம்கள் ஒட்டியிருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகின்றது. இறைபோசோம் ஆக்கும் புரதம் இதன் உள்வெளிக்குள் நுழைந்து உரிய வடிவில் மடிகின்றது. இறைபோசோம் ஒட்டாத பகுதி அழுத்தமான அகமுதலுருச் சிறுவலை. அது இலிப்பிட்டுகளை ஆக்குகின்றது. ஈரற் கலங்களில் மருந்துகளையும் நஞ்சுகளையும் தீங்கற்றனவாக மாற்றுகின்றது. 1945இல் கீத் போட்டர், அல்பேர்ட் குளோட் முதலியோர் ஒரு முழுக் கலத்தை முதன்முதலாக இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படம் பிடித்தபோதுதான் பின்னல் வேலைப்பாடு போன்ற இந்த வலை கண்ணுக்குப் புலப்பட்டது.

அங்கிருந்து புரதம் சிறு புடகங்களில் ஏறிக் கொல்கி உபகரணத்தை அடைகின்றது. இத்தாலிய மருத்துவர் கமிலோ கொல்கி 1898இல் நரம்புக் கலங்களுக்கு வெள்ளி உப்பால் சாயமிட்டபோது இதைக் கண்டார். ஆனால் அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் அறிஞர் பலர் இதை நம்பவில்லை. சாயம் படிந்ததால் உண்டான போலித் தோற்றம் என்றே வாதிட்டார்கள். 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய தட்டைப் பைகளாகக் காட்டிய பின்பே ஐயம் தீர்ந்தது. ஒரு பக்கத்தால் வரும் புரதத்துக்கு இங்கே காபோவைதரேற்றுச் சேர்த்தல் முதலிய திருத்தங்கள் செய்யப்பட்டு, போகவேண்டிய இடம் வாரியாக வகைப்படுத்தப்பட்டு, மறுபக்கத்தால் புடகங்களில் அனுப்பப்படுகின்றது. அப்புடகம் முதலுருமென்சவ்வோடு இணைந்து நொதியத்தை வெளியே விடுகின்றது.

இறந்த கலத்தின் படத்தில் இந்த நகர்வை எப்படிக் கண்டார்கள்? ஜோர்ஜ் பலாடேயும் அவருடன் பணியாற்றியவர்களும் சதையிக் கலங்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோவமிலத்தைச் சில நிமிடங்கள் மட்டும் கொடுத்தார்கள். பின்பு வெவ்வேறு நேரங்களில் கலங்களை நிலைப்படுத்திப் பார்த்தார்கள். தொடக்கத்தில் கதிர்த்தொழிற்பாடு அகமுதலுருச் சிறுவலையில் இருந்தது. சில நிமிடங்களின் பின் கொல்கிப் பகுதியில். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின் சுரப்புச் சிறுமணிகளில். அசையாத படங்களை நேர வரிசையில் வைத்து அசைவை அறிந்தார்கள்.

கொல்கி உபகரணம் வகைப்படுத்தும் புரதங்கள் யாவும் வெளியே போவதில்லை. நீர்ப்பகுப்பு நொதியங்கள் சில, இலைசோசோம் என்ற பைகளை அடைகின்றன. அவற்றின் உட்புறம் அமிலத்தன்மையானது. பழுதடைந்த புன்னங்கங்களும், வெண்குருதிக் கலங்கள் விழுங்கிய பற்றீரியாக்களும் அங்கே சமிக்கின்றன. இதன் கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் காண்பதற்கு முன்பே அறியப்பட்ட புன்னங்கம் இது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்ரியன் டி டூவ், எலியின் ஈரற் கலங்களை அரைத்து, மையநீக்கியில் சுழற்றி, ஒரு நொதியத்தின் தொழிற்பாட்டை அளந்துகொண்டிருந்தார். புதிதாக எடுத்த மாதிரியில் தொழிற்பாடு மிகக் குறைவாக இருந்தது. அதே மாதிரியைச் சில நாட்கள் குளிரூட்டியில் வைத்து மீண்டும் அளந்தபோது அது வெகுவாகக் கூடியிருந்தது. நொதியம் ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது, பை கசிந்ததால் வெளிவந்தது என்று அவர் உய்த்தறிந்தார். 1955இல் அதற்கு இலைசோசோம் எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களிலும் அது தென்பட்டது. 1974ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை குளோட், டி டூவ், பலாடே மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

சக்தி தரும் இருவர்

இத்தனை வேலைக்கும் சக்தி வேண்டும். 1898இல் கார்ல் பெண்டா என்பவர், நூலாகவும் மணியாகவும் தெரிந்த ஓர் உறுப்புக்கு அவ்விரு பொருளும் தரும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயரிட்டார். அதையே நாம் இழைமணி என்கின்றோம். பெயரே ஒளி நுணுக்குக்காட்டியில் அது தெரிந்த விதத்தின் பதிவுதான். 1950களின் தொடக்கத்தில்தான் அதன் உள்மென்சவ்வு கிறிஸ்ரே எனப்படும் மடிப்புகளாக உள்நோக்கி வளைந்திருப்பதைப் பலாடே காட்டினார். மடிப்புகள் கூடும்போது மேற்பரப்பும் கூடுகின்றது, ஏ.ரி.பி. ஆக்கும் நொதியங்களுக்கு இடமும் கூடுகின்றது. ஓயாமல் துடிக்கும் இதயத்தசைக் கலத்தில் இழைமணிகள் நெருக்கமாக இருப்பதற்கும், முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் ஒன்றுகூட இல்லாதிருப்பதற்கும் அவ்வக் கலத்தின் தொழிலே காரணம்.

இழைமணிக்குச் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு. மனிதரில் அது தாயிடமிருந்தே பிள்ளைக்குக் கிடைக்கின்றது. மூத்தம்மாவிடமிருந்து உம்மாவுக்கும், உம்மாவிடமிருந்து எனக்கும் வந்த இழைமணிகளே இதை எழுதும் கைக்கும் சக்தி தருகின்றன.

தாவரங்களில் இழைமணியோடு பச்சையவுருமணியும் உண்டு. இரட்டை மென்சவ்வினுள் தைலக்கொயிட்டுப் பைகள் நாணயக் குற்றிகள் போல அடுக்கப்பட்டு மணியுருக்களாக இருக்கின்றன. பச்சையம் இம்மென்சவ்வுகளில் இருப்பதால் ஒளி இங்கே அகத்துறிஞ்சப்படுகின்றது. சூழவுள்ள பஞ்சணையில் காபனீரொட்சைட்டு வெல்லமாக மாற்றப்படுகின்றது.

படத்தை வாசிக்கும் முறை

இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தைப் பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, அது ஒரு சீவல். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐங்கோண வட்டம். நெடுக்கே வெட்டினால் நீண்ட அறைகள். காய் ஒன்றுதான். அதுபோல ஒரு படத்தில் வட்டமாகவும் நீள்வட்டமாகவும் தெரிபவை ஒரே வகை இழைமணிகளாக இருக்கலாம். உயிருள்ள கலத்தில் அவை ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் வடிவம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

மற்றது அளவு. உருப்பெருக்கம் என்பது படத்தின் நீளத்தை உண்மை நீளத்தால் வகுத்தால் வருவது. 20,000 மடங்கு பெருப்பித்த படத்தில் இழைமணி 3 சென்ரிமீற்றர் நீளமாயின், 30,000 மைக்குரோமீற்றரை 20,000ஆல் வகுக்க, உண்மை நீளம் 1.5 மைக்குரோமீற்றர். அலகை மாற்ற மறப்பதே இங்கு நாம் விடும் வழமையான பிழை.

மூத்தம்மாவின் அறிக்கை

அந்தச் செய்முறை வகுப்புக்குச் சில மாதங்களின் பின், என் மூத்தம்மாவின் கழுத்தில் சிறு கட்டியொன்று தென்பட்டது. வைத்தியர் மெல்லிய ஊசியால் கலங்களை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. அறிக்கை வந்தபோது அதில் நோய் இருக்கின்றது என்றும் இல்லை, நோய் இல்லை என்றும் இல்லை. முடிவு கூறுவதற்குப் போதிய கலங்கள் மாதிரியில் இல்லை, மீண்டும் எடுக்கவும் என்றிருந்தது.

"என்ன புள்ள, பார்க்கத் தெரியாதவங்களா அங்க இருக்காங்க?" என்று மூத்தம்மா சலித்துக்கொண்டார். வாப்பாவுக்கும் கோபம். எனக்கோ சிவப்புப் பேனை வரி நினைவுக்கு வந்தது. அந்த வழுக்கியைப் பார்த்தவர், கருக்கள் பெரிதாகியுள்ளனவா, வடிவம் மாறியுள்ளனவா, கடுமையாகச் சாயமேறியுள்ளனவா என்று தேடியிருப்பார். தேடிய அளவுக்குக் கலங்கள் இல்லை. வழக்கமாக இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே எங்கள் மனம் ஆறியிருக்கும். ஆனால் அவர் காணாததைக் கண்டதாக எழுதவில்லை. இதை நான் மூத்தம்மாவுக்கு வெங்காயப் படத்தின் கதையோடு சேர்த்துச் சொன்னேன். "அப்ப அவங்க அமானிதத்தைப் பேணியிருக்காங்க" என்றார். இரண்டாம் முறை எடுத்த மாதிரியில் போதிய கலங்கள் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ், தீங்கற்ற கட்டியென்று முடிவு வந்தது.

அல்லாஹ்வின் படைப்பைக் கற்கின்றோம் என்று சொல்பவர்கள் அதை உள்ளபடி பதிவு செய்யக் கடமைப்பட்டவர்கள். எல்லாவற்றையும் கண்ணால் காண வேண்டும் என்பதில்லை. டி டூவ் காணாமலே இலைசோசோமை அறிந்தார். ஆனால் எது கண்டது, எது உய்த்தறிந்தது, எது நூலில் படித்தது என்பதை வேறுவேறாக வைத்திருக்க வேண்டும்.

இப்போது என் செய்முறைக் கொப்பியில் அந்தப் பழைய படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வெங்காயக் கலம் இருக்கின்றது. பென்சிற் கோடுகள் மட்டும், நிறமில்லை. குறித்த பெயர்கள் மூன்று. கீழே உருப்பெருக்கம் 400 எனக் குறித்திருக்கின்றேன். டீச்சர் அதற்குச் சரி போட்டு, நாளைக்கு ஹைதரில்லா கொண்டுவரச் சொன்னார்.